கொடிமரத்தின் மேல் ஒரு கை

நம் காதில் விழுந்த ஒரு வாக்கை, அப்படியொன்று சொல்லப்படவே இல்லை என்று உலகம் சாதிக்கும்போது, கேட்டவர் என்ற முறையில் உங்களுக்கு அதில் ஏதேனும் கடமை உண்டா, தஸ்நேவிஸ் அண்ணே? இதை நான் வாய்திறந்து கேட்கவில்லை. நான் இந்தச் சுங்கச்சாவடியின் மூன்றாம் தடத்துக் கூண்டில் இருக்கிறேன், நீங்கள் நான்காம் தடத்துக் கூண்டில் இருக்கிறீர்கள். நமக்கிடையே இரண்டு கண்ணாடிகளும் ஒரு சரக்கு லாரியும் இருக்கின்றன, இந்த லாரி நகர்ந்தால் அடுத்தது வந்து அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். லாரிக்கும் லாரிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் உங்கள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாலத்தின்மேல் வெயில் சாய்ந்துவிட்டது, துறைமுகத்துப் பாரந்தூக்கியின் நிழல் கூண்டின் கூரையைத் தாண்டி உங்கள் பக்கம் போய்விட்டது, உப்புக்காற்றில் டீசல் புகை கலந்து நாக்கில் ஒட்டுகிறது, நானோ இந்த உயரமான முக்காலியில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்று தெரிந்தும் பேசுகிறேன், ஏனென்றால் மாலை ஐந்து மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாய்மொழிச் சாட்சியம் பதிவதை முடித்துவிடுவார்கள். அதற்குள் நீங்கள் போய்ச் சொல்லவில்லையென்றால், சிலுவைத்துறை மக்கள் தம் வீட்டிலிருந்து வெளியே வருவதற்கும் வீட்டுக்குத் திரும்புவதற்கும் காலமெல்லாம் கட்டணம் கட்டவேண்டியதுதான். துறைமுகத்துக்காரர்கள் பழைய கரைச்சாலையைக் கம்பிவேலியிட்டு அடைத்த பிறகு நமக்கு இந்தப் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. இது உங்களுக்குத் தெரியாததா. நீங்கள் அங்கே பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மேற்கே குடிபோனவர், அவ்வளவுதான்.

இன்று கைகள் திரும்பி வந்திருக்கின்றன, அதைக் கவனித்தீர்களா? கண்ணாடியில் ஒட்டும் அந்தப் பாஸ்டேக் வந்த நாளிலிருந்து நாம் கைகளையே பார்ப்பதில்லை. வண்டி வரும், கருவி கூவும், கேட் எழும், வண்டி போகும். யாரும் தரவில்லை, யாரும் வாங்கவில்லை, ஆனாலும் காசு எடுக்கப்பட்டுவிட்டது. மறுப்பதற்கு ஒரு மனிதனுக்குக் குறைந்தபட்சம் மூடிய ஒரு கையாவது வேண்டும், அதைக்கூட அவனிடம் விட்டுவைக்காத ஏற்பாடு இது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன், நினைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நம் ஊரார் இன்று வெள்ளித்தாளைக் கண்டுபிடித்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாள். அதைக் கத்தரித்து அந்த ஒட்டுச்சீட்டின்மேல் மூடிவிட்டால் கருவிக்குக் கண் தெரியாது, கேட் எழாது, கண்ணாடியை இறக்கி ஆளோடு ஆள் பேசியே ஆகவேண்டும். காலையில் மாமா சமையலறை வாசலில் நின்று, "யம்மா செலஸ்டி, கத்தரிக்கோல் எங்க கெடக்கு?" என்று கேட்டார். நான் எடுத்துக்கொடுத்தேன். நேற்று இரவு பரோட்டா வாங்கி வந்த தாளையும் கழுவித் துடைத்து நானே கொடுத்தேன். எதற்கென்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியும். மாமாவுக்கு வாய்த்த மருமகள் பகலில் கேட்டைத் தாழ்த்துகிறவள். அந்த வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது மட்டும்தான், அவர் உண்ணும் சோறும் அதில்தான் வேகிறது, இதை ஒரு நாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை, நானும் சொன்னதில்லை, ஆனால் சோற்றுத்தட்டை வைக்கும்போது ஒவ்வொரு நாளும் அது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. சற்றுமுன் மீன்கூடைகளோடு ரெஜினா அக்காவின் லோடு ஆட்டோ வந்தது. முன்கண்ணாடியில் வெள்ளித்தாள் பளபளத்தது. "பேரு ரெஜினா. மேலக் கடற்கரைத் தெரு, சிலுவைத்துறை. காசு தரமாட்டேன்" என்றாள், எல்லோரும் சொல்லத் தீர்மானித்திருந்த வரிகளை. பிறகு கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, நீயா. உள்ள ஃபேனாவது ஓடுதா, இல்ல அதுக்கும் டோல் உண்டா?" என்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. மேற்பார்வையாளர் கதிரேசன் சார் பின்னாலேயே நின்றதால் அதை விழுங்கிக்கொண்டேன். "அக்கா, ஓரமா நிறுத்துங்க, பின்னால வண்டி நிக்கி" என்றேன். "நாங்க ஓரமாத்தானே நிக்கோம் இத்தன வருஷமா" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். அவளைப் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டு ஆட்டோவை இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். மீன் வெயிலில் கிடக்கிறது. பனிக்கட்டி உருகி ஆட்டோவின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு என் கூண்டை நோக்கி மெல்ல ஊர்ந்து வருகிறது, அதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த வாக்கைத் தந்த நாளிலும் இப்படித்தான் வெயில். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது, மைக்செட் உங்களுடையது. பாலத்தின் கிழக்குத் தூண்களுக்கு நம் கரையைக் கேட்டு அந்தப் பெரிய அதிகாரி வந்திருந்தார், நல்லவர், இப்போது உயிரோடு இல்லை. படகு இழுத்து ஏற்றும் கரை, வலை காய்ந்த கரை. அதைக் கொடுத்துவிட்டால் படகை எங்கே ஏற்றுவது என்று ஊரே கோயில் முற்றத்தில் கூடி நின்றது. நான் பெண்கள் பக்கத்தில், முன்வரிசையில் நின்றேன், வயிற்றில் மூத்தவன் இருந்தான், கால் வீங்கியிருந்தது. மைக் நிற்கும் கம்பி சரியாக நிற்காததால் நீங்கள் அதைக் கொடிமரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினீர்கள். அவர் அங்கே வந்து நின்று பேசினார். பேசும்போது அசதியாலோ, நிழலைத் தேடியோ, இடது கையைத் தூக்கிக் கொடிமரத்தின்மேல் ஊன்றிக்கொண்டார். ஊன்றிக்கொண்டு, "சிலுவைத்துறை வண்டி எதுக்கும் இந்தப் பாலத்துல என்னைக்கும் காசு கிடையாது" என்றார். முற்றம் அப்படியே அடங்கிப்போனது. ஒரு குழந்தைகூட அழவில்லை. நம் ஊரில் கொடிமரத்தைத் தொட்டுச் சொன்ன சொல்லுக்கு மேல் ஒன்றுமில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தாய்ப்பாலோடு வந்தது. படகுப் பங்கு பிரிப்பது அங்கேதான், கல்யாணப் பேச்சு முடிப்பது அங்கேதான், இரண்டு குடும்பங்களின் தீராப் பகை தீருவதும் அங்கேதான். அங்கே தாளும் பேனாவும் எடுப்பவன் எதிரிலிருப்பவனைப் பொய்யன் என்று சொல்கிறான் என்று பொருள். ஆனால் அவருக்கு அது கொடிமரம் அல்லவே, அண்ணே. அவருக்கு அது ஒரு கம்பம். கை வலித்தால் சாய்ந்துகொள்ள ஒரு கம்பம். அவருடைய கையைப் பார்த்து நாம் அடங்கினோம், நம் அமைதியைப் பார்த்து அவர் கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று எண்ணிக்கொண்டார். ஒரே ஒருவர் மட்டும் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார், "எதுக்கும் எழுதி வாங்கிக்கிடலாமே" என்று. அது நீங்கள். ஊர்த்தலைவராக இருந்த என் மாமா பொனிப்பாஸ் திரும்பிப் பார்த்தார். "கொடிமரத்தடியில தாள் கேக்கவன் நம்ம ஊர்ல பொறந்தவனா, லே?" என்றார். ஊர் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேனா? கால் வலியைத் தவிர வேறொன்றும் நினைவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் காது சிவந்தது நினைவிருக்கிறது. வயரைச் சுற்றி முடித்து, ஒலிபெருக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் வாடகை கேட்காமல் போனீர்கள். அதற்குப் பிறகு திருவிழாவுக்குக்கூட நீங்கள் அந்த முற்றத்தை மிதிக்கவில்லை.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஓர் ஓடைக்கரையில் ஒரு வீடு இருந்தது. ஓடைக்குப் பாலம் கட்ட வந்தவன் அந்த வீட்டு வாசற்படிக் கல்லைக் கேட்டான். இந்தக் கல்லைத் தந்தால் உங்கள் வீட்டார் எப்போதும் இந்தப் பாலத்தில் தடையில்லாமல் நடக்கலாம் என்றான். கொடுத்தார்கள். பாலம் கட்டியவன் இறந்துபோனான். புதிதாக வந்த காவற்காரன் அந்த வீட்டுக் குழந்தையை நிறுத்தினான். காவற்காரன் கெட்டவன் அல்லன், அவன் அன்று அங்கே இல்லை, அவ்வளவுதான். இவர்களில் யார் மேல் பிழை என்று கேட்பேன். வாக்களித்தவன் மேல் என்பார்கள் சிலர், காவற்காரன் மேல் என்பார்கள் சிலர், நான் இரு பக்கமும் தலையாட்டிவிட்டு மணியடித்ததும் அனுப்பிவிடுவேன். இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையில் ஓர் ஆளைச் சேர்க்க மறந்திருக்கிறேன் என்பது இன்று, இந்த முக்காலியில்தான் உறைக்கிறது. கல்லைக் கேட்டபோது பக்கத்து வேலியோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவன். அவனுக்கு ஓடையில் வேலையில்லை, பாலத்தில் வேலையில்லை, அந்த வீட்டாரோடு மனத்தாங்கல்கூட இருக்கலாம். ஆனால் கதை முழுவதும் அவன் தோள்மேல் நிற்கிறது. ஏனென்றால் விசாரணை அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: கட்டணத்தை எதிர்த்துக் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் வழக்குத் தொடுத்தவர்கள், அவர்கள் வார்த்தை சாட்சியாகாது, மனுதாரரின் குடும்பத்தார் வார்த்தையும் ஆகாது, கையெழுத்திடாத, உறவில்லாத, நேரில் கேட்ட ஒருவர் வந்து சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன். சிலுவைத்துறையில் எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஒற்றுமை ஒற்றுமை என்று கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்கள். அன்று எழுதி வாங்காமல் கெட்டோம், இன்று எல்லோரும் எழுதிக்கொடுத்துக் கெட்டோம். முதல் மனுதாரர் என் மாமா. நான் மருமகள், என் காது காதல்ல. அன்று முற்றத்தில் நின்று, இன்று எந்தத் தாளிலும் பெயரில்லாமல், எங்கள் யாருக்கும் உறவுமில்லாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர். நாங்கள் அவமதித்து அனுப்பிய ஒருவரைத் தவிர எங்களுக்கு வேறு சாட்சி இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு நான் எப்படிச் சொல்வேன்? சொல்லிவிட்டு எந்தக் கேள்வியைக் கேட்பேன்?

நீர்க்கோடு கூண்டின் படியைத் தொட்டுவிட்டது. நீலநிற வேன் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது, அந்த வேனின் முனகலை நான் தூக்கத்திலும் அறிவேன், நிமிராமலே அறிவேன். கண்ணாடி இறங்குகிறது. ஒரு கை வெளியே வந்து சன்னல் விளிம்பில் படிகிறது, ஆட்காட்டி விரலின் நுனி இல்லாத கை, நங்கூரக் கயிறு கொண்டுபோன விரல். "பேரு பொனிப்பாஸ் மச்சாடோ. மேலக் கடற்கரைத் தெரு, சிலுவைத்துறை. காசு தரமாட்டேன்" என்கிறார், என் முகத்தைப் பார்த்து, என்னை இதற்கு முன் பார்த்தே இராதவர் போல. அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது, என்னை அவர் காப்பாற்ற நினைக்கிறார் என்று புரிந்தது. என் விரலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அழுத்துவது. அழுத்தினால் கேட் எழும், நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. அதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை இந்தக் கணத்தில், விரல் அதன்மேல் போய்விட்டது. மாமா பார்த்துவிட்டார். "எடு கைய" என்றார் தாழ்ந்த குரலில். "நீ தொறந்துவிட்டு நான் போனேன்னா அது மருமவ போட்ட பிச்சையாப் போவும். நமக்கு வேண்டியது அது இல்ல." நான் கையை எடுத்தேன். திறந்தால் பிச்சை, மூடினால் துரோகம், பிறகு எதற்குத்தான் எனக்கு இந்தக் கை என்று அதை மடியில் போட்டுக்கொண்டேன். பின்னால் ஆரன்கள் அலறத் தொடங்கின. "மாமா, அங்க அஞ்சு மணிக்கு முடிச்சிருவாவ" என்றேன். "தெரியும். நான் நாலாம் லேனுக்குத்தான் வந்தேன். அந்தத் தொப்பிக்காரப் பய இங்க தள்ளிவிட்டுட்டான்" என்றார், கம்பை ஆட்டி வண்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த காவலாளியைத் தாடையால் சுட்டி. பிறகு உங்கள் கூண்டின் பக்கம் பார்த்தார். நடுவில் லாரி நின்றது. லாரியிடம் பேசுவதுபோல் பேசினார். "தஸ்நேவிஸ்ட்ட சொல்லு. வரச் சொல்லு. அன்னைக்கு அந்த ஆபீசர் சொன்னதச் சொல்லட்டும். அதோட அவன் கேட்ட ஒரு வார்த்தையயும், அதுக்கு நான் சொன்னதயும் சேத்தே சொல்லட்டும். எழுதிக்கிடட்டும். நான் இல்லன்னு சொல்லமாட்டேன்." அவ்வளவு பேசுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஊர் முழுவதும் வாசிக்கப்போகிற விசாரணைத் தாளில் தம் பெயருக்கு எதிரே அந்த வாக்கியம் ஏறும் என்று தெரிந்தே சொல்கிறார். "நீங்களே அவியள்ட்ட சொல்லுங்க மாமா" என்றேன். "எங்க விடுதானுவ" என்றார்.

விடவில்லைதான். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், வயதைப் பார்த்து, "ஐயா, எறங்குங்க, பேசிக்கலாம்" என்றார்கள் பணிவாகவே. யாரும் கெட்டவர்கள் அல்லர் இந்தப் பாலத்தில், அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டாவது ஓய்ந்திருப்பேன். மாமா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார், வேட்டியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டார், அவர்களுக்கு முன்னால் நடந்தார், ரெஜினா அக்காவும் மற்றவர்களும் ஏறியிருந்த போலீஸ் வேனில் அவர் ஏற ஒருவர் கைகொடுத்தார். "ஏ தலைவரே, இந்த வண்டிக்கு டோல் உண்டான்னு கேட்டுட்டு ஏறும்" என்று உள்ளேயிருந்து ரெஜினா அக்காவின் குரல் வந்தது, வேன் முழுவதும் சிரித்தது, கதவு சாத்தப்பட்டது, சிரிப்பு கதவுக்குள்ளேயே நின்றுவிட்டது. கேட் எழுந்தது அவர்களுக்கு. அரசாங்க வண்டிக்கு எழும். மாமாவின் வேன் மட்டும் சாவியில்லாமல் என் முன்னால் நிற்கிறது. கதிரேசன் சார் வந்து, "மூணாம் லேனை மூடிருங்க மேடம். கிரேன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் சிவப்பு விளக்கைப் போட்டேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக அழுத்துவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. கூண்டுக்குள் மின்விசிறியின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. இறங்கக் கூடாது என்பது விதி. பணிநேரத்தில் கூண்டைவிட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இறங்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும், தெரிந்துகொண்டே இன்னும் ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்தேன், அது போனதும் இன்னும் ஒன்று என்றேன். இப்படித்தான் ஒரு மனிதனின் ஆயுள் போகிறது, அடுத்த வண்டிக்கு அடுத்த வண்டி என்று. பிறகு என் கால்கள் படியிலிருந்த பனிநீரில் இருந்தன. செருப்பு நனைந்து மீன்வாடை அடித்தது. மாமாவின் வேனுக்குப் பின்னால் சுற்றி, இரண்டு தடங்களுக்கு நடுவிலிருந்த திட்டில் ஏறி, வண்டியோட்டிகள் நிற்கும் பக்கமாக, உங்கள் சன்னலுக்கு வந்துவிட்டேன். என் உயரத்துக்கு உங்கள் முகம் தெரியவில்லை. சன்னல் விளிம்பில் கையைத்தான் வைக்க முடிந்தது. நீங்கள் அந்தக் கையைப் பார்த்திருக்கவேண்டும், பணமில்லாத, மூடாத ஒரு கை. உங்கள் விசைப்பலகையின் தட்டல் நின்றுவிட்டது. எட்டிப் பார்ப்பீர்களா, அடுத்த வண்டியை அழைப்பீர்களா, எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் ஒரு லாரி என் முதுகில் அனலை ஊதிக்கொண்டு நிற்கிறது, கதிரேசன் சார் தூரத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். "அண்ணே, செலஸ்டினா. அன்னைக்கு நீங்க கேட்டதுதான் கேள்வி. அதுக்கு நாங்க சிரிச்சோம். அந்தச் சிரிப்பையும் சேத்தே சொல்லுங்க, எங்க மாமா இல்லன்னு சொல்லமாட்டாவளாம், சொல்லிவிட்டிருக்காவ. ஆனா வந்து சொல்லுங்க. பொறத்தால வாடக ஆட்டோ நிக்கி, ஆபீசு பாலத்துக்கு அந்தப் பக்கந்தான். நாளைக்குன்னு வச்சிராதீங்க, நாளைக்கு அங்க கேக்கதுக்கு ஆள் இருக்காது. எந்திரிங்க அண்ணே. அஞ்சு மணிக்குள்ள, இன்னைக்கே, இப்பவே எந்திரிச்சு வாங்க."